எட்டுக் கட்டில்கள்

உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் ஸபீகாவுக்கு இது எந்த வீடு என்ற சந்தேகம் வந்தது.

கூடத்தில் சாம்பல் நிறப் பளிங்கு. படிக்கட்டு இடப்பக்கம். ஆண்கள் உட்காரும் திவானியாவுக்குப் போகிற வழியில் ஒரு வளைவு, அதன் மேல் பூவேலை. எல்லாம் அவள் கையால் வரைந்தது. வரைந்தவளுக்கே அடையாளம் தெரியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? பக்கத்து வீட்டிலும் இதே பளிங்கு, இதே படி, இதே பூ. கையில் வண்ண அட்டையோடு நடுக்கூடத்தில் நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

ஏணி உச்சியிலிருந்து ஸப்ரி எட்டிப் பார்த்தான். எகிப்துக்காரன். தச்சு வேலை, ஆட்களை மேய்ப்பது, லாரிக்காரனோடு சண்டை போடுவது எல்லாம் அவன் பொறுப்பு.

“ஸப்ரி, இது மூத்தவங்க வீடா, இளையவங்க வீடா?”

“மத்தியானம் வரைக்கும் பொறுங்க எஞ்சினியரம்மா. சோறு வந்தா மூத்தவங்க வீடு. இனிப்பு வந்தா இளையவங்க வீடு.”

“வெளையாடாதே.”

“நான் எங்க வெளையாடுறேன்? காலையில ஒரு கதவைக் கழட்டி இழைச்சுக் கொண்டுவந்து மாட்டினேன். எங்க கழட்டினேன், எங்க மாட்டினேன்னு அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். கனகச்சிதமாப் பொருந்திடுச்சு. அதான் பயமா இருக்கு.”

ஸபீகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் எஞ்சினியர் இல்லை. வீட்டுக்குள்ளே எது எங்கே இருக்க வேண்டும், எந்த வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்கிற உள்ளலங்காரக்காரி. அதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது என்பதை இந்த ஜஹ்ரா ஊர்ப் பக்கத்தில் யாரும் நம்பத் தயாராக இல்லாததால் எஞ்சினியரம்மா ஆகிவிட்டாள்.

பெரிய கம்பெனி ஒன்றில் பல வருஷம் இருந்தவள். வங்கி முகப்புகள், ஓட்டல் அறைகள். நூறு அறைக்கு ஒரே படம் வரைந்தால் போதும், நூறு கட்டிலும் ஒரே முகம். அதில் படுக்கிற மனுஷர் ஒருவரைக்கூட அவள் பார்த்ததில்லை. அவளுக்கு இந்த வேலையில் ஆசை வந்தது வேறு மாதிரி. வசந்த காலத்தில் பாலையில் கூடாரம் அடிக்கும்போது, நடுவில் தொங்கவிடுகிற நெய்த திரையை எங்கே கட்டுவது என்று அம்மாதான் சொல்லுவாள். சொல்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: “இந்த வருஷம் யார் யார் இங்க படுக்குறது?” மாமா குடும்பம் வந்தால் திரை ஒரு முழம் தள்ளிப் போகும். அக்கா பிள்ளைத்தாய்ச்சி என்றால் காற்று வருகிற பக்கமாக ஒரு மூலை பிறக்கும். ஒரு துணியை நகர்த்தினால் ஒரு வீடே மாறுகிறதே என்று வாயைப் பிளந்து பார்த்த பெண் அவள். கம்பெனியை விட்டு வெளியே வந்ததும் அந்தக் கேள்விக்காகத்தான். வந்து, தன் பெயரில் கிடைத்த முதல் வேலை இது. ஒரே படத்தை இரண்டு தடவை கட்டித் தர வேண்டும்.

வேலை கொடுத்தவர் பூ மிஷாரி, அதாவது மூத்த மகன் மிஷாரியின் அப்பா. ஷுவைக்கில் கார் உதிரிபாகக் கடை. நல்ல மனுஷர், கொஞ்சம் பெருத்த உடம்பு, பேசும்போது தலையில் இருக்கிற கறுப்புக் கயிற்றைச் சரிசெய்துகொண்டே இருப்பார். மூத்த மனைவி நூரியா, மிஷாரியின் அம்மா என்பதால் உம் மிஷாரி. அவளுக்கு நான்கு பிள்ளைகள். இளையவள் ஃபஜர் பள்ளிக்கூட ஆசிரியை. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. அடுத்தடுத்து இரண்டு மனை வாங்கியபோது உம் மிஷாரியின் அண்ணன் தம்பிகள் திவானியாவில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று ஆகிவிடக் கூடாது என்று அவர்கள் பயம். பூ மிஷாரி காவாக் காப்பி குடித்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, எல்லோரும் கேட்க, அல்லாஹ் மேல் சத்தியம் செய்தார்.

“ரெண்டு வீட்டுக்கும் ஒரு விரக்கடை வித்தியாசம் இருக்காது. ஒரு கரண்டிகூட அங்க ஒன்னு இங்க ரெண்டுன்னு இருக்காது.”

அந்தச் சத்தியத்தை அப்படியே ஸபீகாவிடம் கொண்டுவந்து ஒப்படைத்தார். “மகளே, என் கழுத்து உன் கையில இருக்கு. ரெண்டு பொண்டாட்டிக்கும் சமமா நடக்காதவன் மறுமையில ஒரு பக்கம் சாஞ்சு நடந்து வருவானாம். அப்படி வர்றதுக்கு எனக்கு இஷ்டமில்லை.”

ஆரம்பத்தில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. உம் மிஷாரிக்குக் கதவுப் பிடி தங்க நிறத்தில் வேண்டும். ஃபஜருக்கு எந்த மினுக்கும் ஆகாது, வெறும் மரம் போதும். ஸபீகா இரண்டையும் அவரிடம் சொன்னாள். அவர் கயிற்றைச் சரிசெய்தார்.

“ரெண்டு வீட்டுலயும் பாதிக்குத் தங்கம், பாதிக்கு மரம்.”

“அப்ப ரெண்டு பேருக்குமே பிடிக்காம போயிடுமே.”

“சமமாப் பிடிக்காம போகும்ல? அது போதும்.”

இப்படியே திரைச்சீலை, விளக்கு, அடுக்களை மேடை எல்லாம் பாதியும் பாதியுமாக வளர்ந்தன. உம் மிஷாரி, “ரெண்டு வண்ணக்காரனுங்க சண்டை போட்ட மாதிரி இருக்கு” என்றாள். ஃபஜர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் எதற்கும் ஒன்றும் சொல்லுகிறவள் இல்லை. இதையெல்லாம் படம் பிடித்து நாலு பேருக்குக் காட்டினால்தான் அடுத்த வேலை வரும். காட்டினால் வருகிற வேலையும் போகுமோ என்று ஸபீகாவுக்கு ஒரு குழப்பம்.

உண்மையான குழப்பம் மாடியில் இருந்தது.

மாடியில் நான்கு படுக்கையறை, நான்கு பிள்ளைகளுக்கு. அறைக்கு ஒரு கட்டில், ஒரு படிக்கிற மேசை, உயரத்துக்குத் தகுந்த அலமாரி. கடைக்குட்டிக்கு விழாமல் இருக்க விளிம்பு வைத்த சின்னக் கட்டில். உம் மிஷாரி வீட்டுக்கு வரைந்தபோது ஸபீகா பிள்ளைகள் ஒவ்வொருவரையும் நிறுத்தி உயரம் பார்த்துச் சந்தோஷமாக வரைந்தாள். அதே படம் அப்படியே ஃபஜர் வீட்டு மாடிக்கும் போனது. சமம் என்றால் சமம்தானே. அவளும் யோசிக்கவில்லை, பூ மிஷாரியும் யோசிக்கவில்லை.

ஃபஜர் பள்ளிக்கூடம் விட்டு ஒரு நாள் வேலையைப் பார்க்க வந்தாள். ஸபீகா முன்னால் ஏறி ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினாள். சுவரில் பென்சிலால் கட்டிலின் நீள அகலம் குறித்திருந்தது. வழக்கமான கேள்வி அவள் வாயில் வந்து நின்றது. இங்கே யார் படுப்பார்கள்? இங்கே படுக்க யாருமில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஃபஜர் வாசற்படியைத் தாண்டவில்லை. பென்சில் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்கேயும் கட்டில் வருதா?”

“ஆமா... அவங்க வீட்டுல இருக்கறது எல்லாம்...”

“நாலு அறையிலயுமா?”

“அவர் அப்படித்தான் சொன்னார்.”

ஃபஜர் தலையாட்டினாள். “வாரத்துக்கு ஒரு தடவை உறை மாத்தணும்ல. யாரும் படுக்காட்டியும் தூசி படியும்” என்றாள்.

ஸபீகா அந்த அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். “நீங்க வேணாம்னு சொன்னா அவர் கேப்பாரு. நான் வேணா சொல்லட்டுமா?”

“சொன்னா ரெண்டு நாள் சாப்பிடாம முகத்தைத் தொங்கப்போட்டுட்டு இருப்பாரு. கெட்டவரா இருந்தா சண்டை போட்டிருப்பேன். நல்லவரு. அவர்கிட்ட என்னன்னு சண்டை போடுறது?” சால்வையை இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். பாதியில் நின்று திரும்பி, “அந்தச் சின்னக் கட்டிலாவது வராம... சரி விடு” என்று போய்விட்டாள்.

மறுநாள் ஸபீகா ஷுவைக்குக்குப் போனாள். பூ மிஷாரி பிரேக் கட்டைகள் அடுக்கிய மேசைக்குப் பின்னால் இருந்தார். தேநீர் வந்தது. ஸபீகா சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தாள்.

“கட்டிலை எடுத்துட்டு அந்த அறைங்களை வேற ஏதாவது பண்ணலாமே. அவங்க டீச்சர். படிக்க, எழுத...”

“அப்ப மூத்தவளுக்குப் படிக்க எழுத நாலு அறை எங்க? அவ அண்ணன் வந்து என் தாடியைப் பிடிப்பான்.”

“ஃபஜருக்குக் கஷ்டமா இருக்கு.”

அவர் கை கயிற்றுக்குப் போய் அங்கேயே நின்றது. “அவ சொன்னாளா?”

சொன்னாள் என்றால் காட்டிக்கொடுத்ததாகும். சொல்லவில்லை என்றால் பொய்யாகும். ஸபீகா தேநீரைக் குடித்தாள்.

“மகளே, நீ படிச்சவ. நீயே சொல்லு. அங்க நாலு கட்டில் போட்டு இங்க போடாம விட்டா என்ன அர்த்தம்? இவளுக்குப் பிள்ளை பொறக்காதுன்னு நான் முடிவு கட்டிட்டேன்னு அர்த்தம். நான் என் வாயால அதைச் சொல்லவா? அல்லாஹ் கொடுப்பான். கொடுக்கும்போது கட்டில் ரெடியா இருக்கும். அதை எடுத்தா அவ நெஞ்சு ஒடஞ்சு போகாதா?”

போட்டாலும் நெஞ்சு உடைகிறது, எடுத்தாலும் நெஞ்சு உடைகிறது. அவர் சொல்வதில் தப்பு எங்கே இருக்கிறது என்று காரில் போகும்போது தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. ஃபஜர் சொன்னதில் தேடினாள். அங்கேயும் இல்லை. சிவப்பு விளக்கில் நின்றவள் பச்சை விழுந்ததைக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற வண்டிகள் அலறின.

அதற்குள் உம் மிஷாரி பிள்ளைகளோடு புது வீட்டில் குடியேறிவிட்டாள். பழைய வீட்டை வேறு ஆளுக்கு விட்டாகிவிட்டது. பிள்ளைகள் கீழே கூடத்தில் மெத்தை விரித்துப் படுத்தார்கள். ஃபஜர் மட்டும் ஃபர்வானியாவில் வாடகை வீட்டில் இருந்தாள். அவள் புது வீடு பூட்டிக் கிடந்தது.

கட்டில்கள் வருகிற நாளும் வந்தது. இரண்டு லாரி, லாரிக்கு நான்கு. முதல் லாரியை உம் மிஷாரி வீட்டில் இறக்கிவிட்டு ஸப்ரி போன் செய்தான். ஸபீகா அப்போது பளிங்குக் கடையில் இருந்தாள்.

“எஞ்சினியரம்மா, இளையவங்க வீடு பூட்டியிருக்கு. சாவி உங்ககிட்டதானே? ரெண்டாவது லாரி நிக்குது. டிரைவர் வேற கத்துறான்.”

சாவி அவள் பையில்தான் இருந்தது. கையை விட்டால் எடுத்துவிடலாம். அங்கிருந்து ஜஹ்ராவுக்கு ஒன்றும் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை.

“முதல் லாரி இறக்கின இடத்துலயே இறக்கிடு” என்றாள்.

“அங்கேயா? எட்டுமா?”

“இன்னைக்கு மட்டும்.”

“அந்தம்மா என்னைக் கட்டிலோட சேர்த்து வெளியே தூக்கிப் போடுவாங்க.”

“நான் பேசிக்கறேன்.”

போனை வைத்த பிறகு ஏன் அப்படிச் சொன்னோம் என்று யோசித்தாள். அவசரமா, சோம்பலா? அல்லது அந்தச் சின்னக் கட்டிலை ஃபஜர் வீட்டுப் படியில் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க முடியாமலா? அவளுக்கே விளங்கவில்லை. பளிங்குக் கடைக்காரன் எது வேண்டும் என்று மூன்றாம் முறை கேட்டுக்கொண்டிருந்தான்.

சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்பே உம் மிஷாரியிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது. ஸபீகா போனபோது மாடி நடை முழுக்கக் கட்டில்கள். அறைக்குள் நான்கு, அறைக்கு வெளியே நான்கு. உம் மிஷாரி ஒரு கட்டிலின் மரச் சட்டத்தில் உட்கார்ந்து சின்னக் கண்ணாடிக் கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். பருத்த, கலகலப்பான பெண்பிள்ளை. இன்று கலகலப்பு இல்லை.

“வா பொண்ணு, உக்காரு. எங்க வேணும்னாலும் உக்காரலாம். இடத்துக்குப் பஞ்சமே இல்லை.”

“மன்னிச்சிடுங்க உம் மிஷாரி, இது...”

“நான் இன்னும் நாலு பெத்துக்கணும்னு அவர் உன்கிட்ட சொல்லி வச்சிருக்காரா? இந்த வயசுல என் இடுப்பு தாங்காதுன்னு போய்ச் சொல்லு.”

“உங்களுக்கு இல்லை. பக்கத்து வீட்டுக்கு. அங்க பூட்டியிருந்துச்சு, அதனால...”

“பக்கத்து வீட்டுக்குக் கட்டில் வேணும்தான். அவ கட்டிலும் அவர் கட்டிலும்...” என்று சொல்லிக்கொண்டே வந்தவளின் கண் விளிம்பு வைத்த சின்னக் கட்டிலில் போய் நின்றது. ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்தாள்.

“இதுவுமா அவ வீட்டுக்கு?”

“எல்லாம் சமமா இருக்கணும்னு...”

“இந்த நாலும் அவ வீட்டு மாடியில, காலியா?”

கீழே பிள்ளைகள் எதற்கோ அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“நான் அடுக்களையை நினைச்சேன். திவானியாவை நினைச்சேன். அவளுக்குப் பளிங்கு, எனக்குச் சிமென்ட்டுன்னு ஆயிடக் கூடாதுன்னு எங்க அண்ணனுங்களை வரவழைச்சேன். கட்டில் எனக்கு ஞாபகமே இல்லை.” கட்டில் சட்டத்தைக் கையால் தட்டி, “எனக்கு அவளைப் பிடிக்காது. உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு. ஆனா பிடிக்காததுக்கும் ஒரு அளவு இருக்கு” என்றாள்.

மடியில் கிடந்த போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள். “கடையை அப்படியே போட்டுட்டு வா” என்று மட்டும் சொன்னாள்.

பூ மிஷாரி வந்து, எட்டுக் கட்டிலையும் பார்த்து, மூச்சு வாங்கினார். ஸபீகாவைப் பார்த்தார். அவள் வண்ண அட்டையைப் பார்த்தாள்.

“அந்த நாலு கட்டிலும் அங்க போகக் கூடாது” என்றாள் உம் மிஷாரி.

“சத்தியம் பண்ணியிருக்கேன், நூரியா. உன் அண்ணனுங்க முன்னாடி.”

“நான் கேட்டு வாங்கின சத்தியம். நானே சொல்றேன், முறிச்சுடு.”

“அதை எடுத்தா அவ என்ன நினைப்பா? நான் நம்பிக்கையை விட்டுட்டேன்னு...”

“நம்பிக்கை என்ன கட்டில் மேலயா படுத்திருக்கு? மிஷாரி பொறந்தப்ப நம்மகிட்ட எத்தனை கட்டில் இருந்துச்சு? கடன் வாங்கின மெத்தையில தரையில போட்டு வளர்த்தோம். பிள்ளை வர்றப்ப வரும், கட்டில் இருக்கான்னு எட்டிப் பாத்துட்டா வரும்?”

“சத்தியம் முறிச்சா கஃப்பாரான்னு ஒரு பரிகாரம் இருக்கு. பத்து ஏழைக்குச் சோறு போடணும்.”

“போடு. சட்டி என்கிட்ட இருக்கு.”

அவர் இன்னும் அசையவில்லை. “அவளோட பங்கு அது. நீயும் நானும் பேசி எடுத்துட முடியாது. அவளே வேணாம்னு சொல்லணும்.”

“அப்ப கேளு. ஆறு வருஷமா கேக்கலையே, இப்பவாவது கேளு.”

அவர் போனை எடுத்துக்கொண்டு கீழே முற்றத்துக்குப் போனார். இருவரும் மேலே ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். தண்ணீர்த் தொட்டி ஓரமாக நடந்தார், நின்றார், மறுபடி நடந்தார். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஃபஜர் அவ்வளவு பேசுவாளா என்று ஸபீகாவுக்கு ஆச்சரியம். திரும்பி வந்தபோது தலைக் கயிறு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவர் அதைச் சரிசெய்யவில்லை.

“என்ன சொன்னா?”

“எட்டும் இங்கேயே இருக்கட்டும்னா.”

“அப்புறம்?”

“சிரிச்சா. அப்புறம் அழுதா. மறுபடி சிரிச்சா. எனக்கு ஒன்னும் புரியலை.” சின்னக் கட்டிலின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். அது முனகியது. “கோவமா, சந்தோஷமான்னு கேட்டேன். ‘ரெண்டும்னு எழுதிக்கோ’ன்னா.”

வெள்ளிக்கிழமை உம் மிஷாரி வீட்டு முற்றத்தில் மச்பூஸ் சோறு வெந்தது. பத்து ஏழைகளைத் தேடி பூ மிஷாரி பள்ளிவாசலுக்குக் கிளம்பியபோது அவள் தடுத்துவிட்டாள். இரண்டு வீட்டிலும் பெயின்ட் அடிக்கிறவன், பளிங்கு பதிக்கிறவன், கரண்ட் வேலைக்காரன் என்று வயிறு ஒட்டிய ஆட்கள் இருக்கும்போது வெளியே எதற்குத் தேடுவது? தரையில் விரிப்பு விரித்துத் தாம்பாளம் வைத்தார்கள். ஆட்டுக்கறி சோற்றுக்கு மேல் மலையாக இருந்தது. பூ மிஷாரி விரலை மடக்கித் தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“பதினொன்னு வருது.”

“கவலைப்படாதீங்க” என்றான் ஸப்ரி, கறியைப் பிய்த்தபடி. “அவங்க பத்து பேரும் ஏழைங்க. நான் விருந்தாளி.”

உம் மிஷாரி அடுக்களைக்குள்ளிருந்து சிரித்த சிரிப்பு முற்றம் வரை கேட்டது.

ஃபஜர் வந்திருந்தாள். வாசலில் நின்று ஒரு பெட்டி இனிப்பை உம் மிஷாரியின் மகளிடம் நீட்டினாள். உம் மிஷாரி எட்டிப் பார்த்து, “வெயில்ல ஏன் நிக்குறா, உள்ள வரச் சொல்லு” என்று மகளிடம் சொன்னாள். “வேலை இருக்கு, அப்புறமா வர்றேன்னு சொல்லு” என்று ஃபஜரும் மகளிடமே சொன்னாள். மூன்றடி தூரம். அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

ஸபீகா சாவியை எடுத்துக்கொண்டு ஃபஜரோடு பக்கத்து வீட்டு மாடிக்குப் போனாள். நான்கு அறையும் வெறுமையாக இருந்தன. சுவரில் பென்சில் கோடு இன்னும் அழியவில்லை. இந்தத் தடவை ஃபஜர் வாசற்படியைத் தாண்டி உள்ளே போனாள். ஜன்னல் வரை நடந்தாள், திரும்பி வந்தாள், கோட்டுக்கு உள்ளே நின்றாள்.

“இங்க என்ன வேணும் உங்களுக்கு?” என்றாள் ஸபீகா.

“தெரியலை.”

“புத்தக அலமாரி?”

“தெரியலை.”

“அப்ப நான் என்ன வரையட்டும்?”

“இப்ப ஒன்னும் வேணாம். ஆனா கேக்கறதை விட்டுடாதே. அப்பப்ப கேளு.”

அன்றைக்கு ராத்திரி ஸபீகா புதுப் படம் வரைய உட்கார்ந்து நான்கு கட்டம் போட்டாள். உள்ளே ஒன்றும் வரைய முடியவில்லை. இவ்வளவு வருஷத்தில் ஒரு காலி அறையை எப்படி வரைவது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. அதே நேரம் உம் மிஷாரி போன் செய்தாள். “பொண்ணு, மிச்ச நாலு கட்டிலை நான் எங்க போடுறது? நடக்க வழியில்லை. விக்கவும் மனசு வரலை.” போனை வைக்கும் முன் உம் மிஷாரி குரலைத் தாழ்த்தி, “அவ அங்க என்ன வைக்கப் போறாளாம்?” என்று கேட்டாள்.

“அவங்களுக்கே தெரியலையாம்.”

“ம்” என்றாள் உம் மிஷாரி. வைத்துவிட்டாள்.

மறு வாரம் கைப்பிடிகளைப் பார்க்க ஸபீகா வந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். இரண்டு வீட்டு வாசலும் திறந்திருந்தன. எதையோ யோசித்துக்கொண்டே உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினாள். சாம்பல் நிறப் பளிங்கு, இடப்பக்கம் படி, வளைவின் மேல் பூ.

“ஸப்ரி” என்று கூப்பிட்டாள்.

குரல் படியேறி மாடிக்குப் போயிற்று. நான்கு அறைக்குள்ளும் சுற்றிவிட்டு நிதானமாக அவளிடம் திரும்பி வந்தது. யார் வீடு என்று இந்தத் தடவை அவளுக்குத் தெரிந்துவிட்டது. வண்ண அட்டையைப் படியில் வைத்துவிட்டு, கேட்பதைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று ஃபஜருக்குப் போன் போட்டாள்.